பெட்டகப் பொலிவும் பட்டறைத் தழும்பும்
ஜெர்மானியப் படைக் கைத்துப்பாக்கிகளும் அவற்றின் மூலநிலையும்

போர்க்கருவியைக் காட்சிப் பொருளாகக் காணும் வழக்கம் தமிழ் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கல மனையைக் கண்டு பாடிய புறநானூற்றின் 95ஆம் பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த இல்லத்தில் அழகுற அடுக்கப்பட்ட வேல்கள் ஒருபுறம். பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, செப்பம் செய்வதற்காகக் கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கும் வேல்கள் மறுபுறம். புகழ்வதுபோற் பழிக்கும் நயத்திற்கு அப்பாடலை எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஆனால் அதனுள் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா ஒன்றும் உறைந்திருக்கிறது. பொலிவு குன்றாத கருவி, புண்பட்ட கருவி ஆகிய இரண்டனுள் எது காலத்தின் உண்மையைக் கூடுதலாகச் சொல்கிறது?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வினா, 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1945 வரை ஜெர்மனியில் வார்த்தெடுக்கப்பட்ட படைத்துறைக் கைத்துப்பாக்கிகளைத் தொகுப்போரிடையே இன்றும் உயிரோடு உலவுகிறது. அவர்கள் தேடுவது துப்பாக்கியை மட்டுமன்று. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே, மாற்றம் பெறாமல், திருத்தம் பெறாமல், மெருகேற்றப்படாமல் எஞ்சியிருக்கும் துப்பாக்கியைத் தேடுகின்றனர். இதனையே அவர்கள் 'மூலநிலை' என்கின்றனர். அச்சொல்லின் பொருளையும், அதன் பின்னே நிற்கும் வரலாற்றையும், அதில் மறைந்திருக்கும் அறச்சிக்கலையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிகளின் பிறப்பு

1871இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபின், அதன் படைகளுக்கெனப் பொதுவான கைத்துப்பாக்கி ஒன்று வேண்டியிருந்தது. அத்தேவையை நிறைவு செய்தவை 1879, 1883 ஆகிய ஆண்டுகளின் பெயரால் வழங்கும் 'பேரரசு ரிவால்வர்கள்' ஆகும். 10.6 மில்லிமீட்டர் குழல் விட்டமும் ஆறு தோட்டாக்களை ஏற்கும் உருளையும் கொண்ட இவை உறுதியானவை. ஆயின் சுடுவதிலும் மீண்டும் தோட்டா நிரப்புவதிலும் மெதுவானவை. அக்காலத்திலேயே சற்றுப் பழமைப்பட்டவையாகக் கருதப்பட்ட இவற்றை விஞ்சும் தானியங்கிக் கருவிக்கான முயற்சிகள் விரைவில் தொடங்கின.

1893இல் ஹூகோ போர்க்கார்ட் என்பார் அமைத்த கைத்துப்பாக்கி, மனித முழங்கால் மடங்குவதுபோல் மேல்நோக்கி மடங்கித் திறக்கும் இணைப்பைக் கொண்டிருந்தது. பெர்லினில் லுட்விக் லோவே ஆலையில் உருவான அக்கருவி அறிவுக்கூர்மையின் விளைவே எனினும், கையில் ஏந்துவதற்கு வசதியற்றதாய் இருந்தது. ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் 1849இல் பிறந்த கெயோர்க் லூகர் அதனைச் செம்மைப்படுத்தினார். கைப்பிடியைச் சாய்த்து, உறுப்புகளைச் சுருக்கி அவர் உருவாக்கிய வடிவத்தை, லோவேயின் வழிவந்த 'ஜெர்மன் படைக்கல, தோட்டா ஆலைகள்' நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமைதி வேண்டுவோர் போருக்கு ஆயத்தமாக வேண்டும் என்னும் பொருள்பட்ட இலத்தீன் முதுமொழியிலிருந்து 'பாராபெல்லம்' என்ற வணிகப் பெயரும் அதற்கு வாய்த்தது. உலகோரோ அதனை அமைத்தவர் பெயராலேயே 'லூகர்' என்று அழைத்தனர்.

அதனை முதலில் ஏற்ற நாடு ஜெர்மனி அன்று; 1900இல் சுவிட்சர்லாந்தே. பின்னர் 1904இல் ஜெர்மானியக் கடற்படை 150 மில்லிமீட்டர் நீளக் குழலுடைய வகையை ஏற்றது. 1908இல் தரைப்படை 100 மில்லிமீட்டர் குழலுடைய வகையை 'பிஸ்டல் 08' என்ற பெயரில் முறைமைக் கருவியாக்கியது. 1913இல் பீரங்கிப் படையினர் போன்றோருக்காக 200 மில்லிமீட்டர் குழலும், தோளில் தாங்குவதற்கான மரக்கட்டையும் உடைய நெடுங்குழல் வகை வந்தது.

கடற்படை வகையைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டிற்குரிய நினைவு ஒன்றும் எழுகிறது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பல் சார்ந்திருந்த கடற்படையின் முறைமைக் கைத்துப்பாக்கி இந்த 1904ஆம் ஆண்டு வகையே. எவரையும் மிரளவைக்கும் தந்திரசாலியை 'எம்டன்' என்று கூறும் வழக்கு இன்றும் தமிழில் நிற்கிறது. ஒரு கருவியோ கலமோ அழிந்தபின்னும் சொல்லாக வாழ்வதற்கு இஃது ஒரு சான்று.

லூகருக்கு இணையாகப் புகழ்பெற்றது மவுசர் நிறுவனத்தின் 1896ஆம் ஆண்டு வகை. ஓபர்ண்டார்ஃப் நகரில் அவ்வாலையில் பணியாற்றிய ஃபீடர்லே உடன்பிறந்தார் இதன் அமைப்பிற்கு வித்திட்டனர். 1898இல் சூடான் நாட்டின் ஓம்துர்மான் போரில் இளைஞரான வின்ஸ்டன் சர்ச்சில் ஏந்தியது இதுவே. முதல் உலகப் போரில் கைத்துப்பாக்கிப் பற்றாக்குறை நேர்ந்தபோது, 1916இல் பிரஷ்யப் படை 9 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும்படி 1,50,000 மவுசர்களுக்கு ஆணை வழங்கியது. பழைய வகைக்குரிய 7.63 மில்லிமீட்டர் தோட்டாவை வீரர் தவறுதலாக நிரப்பிவிடாதிருக்க, அதன் மரக் கைப்பிடியில் 9 என்ற எண் பெரிதாகச் செதுக்கப்பட்டுச் செந்நிறம் தீட்டப்பெற்றது. 'சிவப்பு ஒன்பது' என்ற பெயர் இதனால் எழுந்தது. இறுதியாக, 1938இல் ஏற்கப்பெற்று லூகரின் இடத்தைப் பிடித்தது வால்தர் நிறுவனத்தின் 'பிஸ்டல் 38'. நுண்ணிய கடைசல் வேலை மிகுந்த லூகரைவிடக் குறைந்த உழைப்பில் அதனை உருவாக்க இயன்றதே இம்மாற்றத்தின் முதற்காரணம் எனலாம்.

மூலநிலை என்பது யாது?

'தொன்மை' என்ற சொல்லுக்குச் சட்டம் ஒரு பொருளும் வரலாறு மற்றொரு பொருளும் தருகின்றன. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ ஆக்கப்பட்டவையே தொன்மைப் பொருள்கள். அவ்வளவில் பேரரசு ரிவால்வர் தொன்மையானது. லூகரோ அந்த எல்லைக்கு வெளியே நிற்பது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பொருள்களை அச்சட்டமுறை தனியே 'அரும்பொருள்' என வகைப்படுத்துகிறது. ஆனால் சேகரிப்போருக்கு ஆண்டைவிட முக்கியமானது அகத்தூய்மை. ஒரு துப்பாக்கியின் மேற்பூச்சு, எண்கள், முத்திரைகள், மரம், தோட்டாக் கூடு ஆகியன யாவும் ஒரே நாளில், ஒரே ஆலையில், ஒரே கருவியாகப் பிறந்தனவா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

முதலில் மேற்பூச்சைக் கருதலாம். லூகரின் கருநீல நிறம் வண்ணக் கலவையன்று. கட்டுப்படுத்தப்பட்ட துருவே அந்நிறமாயிற்று. துலக்கிய எஃகின்மீது வேதிக்கரைசலைப் பூசி, ஈரம் நிறைந்த சூழலில் மெல்லத் துருவேற விட்டு, கொதிநீரில் இட்டுச் செந்துருவைக் கருமையாக்கி, தூரிகையால் தேய்த்து, இச்செயலைப் பன்முறை திரும்பச் செய்து அந்நிறத்தை வருவித்தனர். விசை, காப்பு நெம்பு முதலிய சிறு உறுப்புகளைச் சூடேற்றி, வைக்கோலின் பொன்மஞ்சள் தோன்றும் நொடியில் எடுத்துக் குளிர்வித்தனர். கருநீல உடலில் ஆங்காங்கே மின்னும் அப்பொன்னிறம் லூகரின் தனி அழகு. 1937 அளவில் மவுசர் ஆலை விரைவான சூடான உப்புக்குளியல் முறைக்கு மாறியபோது அப்பொன்னிறமும் மறைந்தது. எனவே நிறத்தைக் கொண்டே காலத்தை ஓரளவு கணிக்க இயலும். 1917ஆம் ஆண்டு பொறித்த துப்பாக்கியின் விசை கருநிறமாய் இருப்பின், இடையில் எவரோ அதனை மறுபடி சாயம் தோய்த்துள்ளார் என்று ஐயுற இடமுண்டு.

நேர்மையாகத் தேய்ந்த துப்பாக்கியையும் இவ்வாறே இனங்காணலாம். தோலுறையில் செருகியும் உருவியும் வந்தமையால் குழலின் நுனியிலும் விளிம்புகளிலும் கருமை அகன்று எஃகு வெளிப்படும். உள்ளங்கை பட்ட இடத்தில் பழுப்பேறும். எதிர்பார்க்கும் இடத்தில் தேய்வும் எதிர்பாராத இடத்தில் பொலிவும் இருத்தல் இயற்கை. யாவும் ஒருங்கே பளபளத்தால் அஃது ஐயத்திற்குரியது. புதுச்சாயம் ஏற்றுமுன் எஃகைத் தேய்த்தாக வேண்டும். தேய்க்கும்போது கூரிய விளிம்புகள் மழுங்கும், முத்திரை எழுத்துகள் ஆழம் இழக்கும், துருக்குழிகளின் மீதே புதுநிறம் படியும். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுக் கோயிலைப் புதுக்கினோம் என்று மகிழ்வதற்கு இது நிகரானது.

எண்ணும் எழுத்தும்

எண்ணையும் எழுத்தையும் கண்ணெனப் போற்றும் மரபில் வந்தவர்க்கு இக்கருவிகளின் பொறிப்புகள் வியப்பூட்டும். ஒவ்வொரு படைத்துறை லூகரின் உடலிலும் அதன் முழு வரிசை எண் இருக்கும். சிறு உறுப்புகள் பலவற்றிலும் அவ்வெண்ணின் இறுதி இரண்டு இலக்கங்கள் இருக்கும். கையால் இழைத்துப் பொருத்தும் முறையில், ஒரு துப்பாக்கிக்கு இழைத்த உறுப்பு மற்றொன்றிற்குச் சரியாகப் பொருந்தாது. பிரித்துத் துடைக்கும்போது கலந்துவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. வரிசை எண்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் வரை சென்று, பின்னர் ஓர் எழுத்தைத் துணையாகக் கொண்டு மீண்டும் தொடங்கும். ஆண்டு மாறும்போது முதலிலிருந்து எண்ணப்படும். ஆகவே எண், எழுத்து, ஆண்டு, ஆலை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கியின் அடையாளம் நிறைவுறும்.

தோட்டாக் கூட்டிற்கும் எண்ணுண்டு. துப்பாக்கியுடன் இரண்டு கூடுகள் தரப்படுவது வழக்கம். அவற்றுள் இரண்டாவதற்கு வரிசை எண்ணுடன் கூட்டல் குறி ஒன்றைப் பொறித்தனர். முதலில் மரத்தாலான அடிக்கட்டையும், பின்னர் அலுமினியம், பேக்கலைட் போன்றவற்றாலானதும் பயன்பட்டன. ஏறக்குறைய நூறாண்டு கடந்தும் தன் எண்ணுக்குரிய இரு கூடுகளோடும் ஒரு துப்பாக்கி கிடைப்பது அருமையினும் அருமை.

எண்களினும் அரியவை படைப்பிரிவுக் குறிகள். எந்தப் பிரிவின் கருவி எது என்பதைக் குறிக்கும் முறையை 1909ஆம் ஆண்டின் விதிநூல் வரையறுத்தது. கைப்பிடியின் முன்பக்கத்தில் 83 என்ற எண், காலாட்படைப் பிரிவைச் சுட்டும் ஆர் என்ற எழுத்து, பின்னர் 5, 27 என்ற எண்கள் வரிசையாக இருப்பின், அது 83ஆம் காலாட்படைப் பிரிவின் 5ஆம் கம்பெனிக்குரிய 27ஆம் கருவி என்று படிக்கலாம். இதன் முதன்மையை உணர மற்றொரு செய்தியையும் கருதல் வேண்டும். பிரஷ்யப் படையின் ஆவணங்களைக் காத்துவந்த பாட்ஸ்டாம் படை ஆவணக்காப்பகம் 1945 ஏப்ரல் 14ஆம் நாள் இரவில் நேர்ந்த வான்வழிக் குண்டுவீச்சில் எரிந்தது. முதல் உலகப் போரில் பிரஷ்ய வீரர் பெற்ற வாழ்வையும் சாவையும் பதிந்துவைத்திருந்த ஏடுகளுள் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பலாயிற்று. ஏடு எரிந்த இடத்தில் எஃகு எஞ்சியது. இத்தகைய சிறு பொறிப்பு ஒன்றைத் தேய்த்து அழிப்பவர், படியெடுக்காத ஓலைச்சுவடியை ஆற்றில் விடுபவர்க்கு ஒப்பாவார்.

அரசியலும் இவ்வெழுத்துகளில் தன் சுவட்டைப் பதித்துள்ளது. 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை 1,00,000 பேராகக் குறைத்தது. அடுத்த ஆண்டு மக்களிடமிருந்த போர்க்கருவிகளைத் திரும்பப் பெற அரசு முனைந்தபோது, அரசுடைமையான துப்பாக்கிகளைப் பிரித்தறிய 1920 என்ற எண்ணைப் பழைய ஆண்டிற்கு அருகே பொறித்தனர். 1916, 1920 என இரட்டை ஆண்டு தாங்கிய லூகர்கள் தோற்ற ஒரு பேரரசின் கருவி, தடுமாறிய ஒரு குடியரசின் கைக்கு மாறியதைக் கூறுகின்றன. 1930இல் லூகரை ஆக்கும் பொறிகள் பெர்லினிலிருந்து ஓபர்ண்டார்ஃபின் மவுசர் ஆலைக்குப் பெயர்ந்தன. 1934இல் அங்கு உருவானவற்றில் ஆலையின் பெயருமில்லை, ஆண்டுமில்லை. எஸ்/42 என்ற மறைகுறி ஆலையையும், கே என்ற எழுத்து 1934ஆம் ஆண்டையும், ஜி என்ற எழுத்து 1935ஐயும் மறைவாகச் சுட்டின. உடன்படிக்கையை மீறிய ஆக்கத்தை உலகின் கண்களிலிருந்து மறைக்கும் முயற்சி அது. 1935 மார்ச்சில் ஹிட்லர் படைப்பெருக்கத்தை வெளிப்படையாக அறிவித்தார். 1936 முதல் ஆண்டு எண் மீண்டும் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டது. ஒரு நாட்டின் பொய்யும், பொய் தேவைப்படாத அளவிற்கு அது வலிமை பெற்ற நாளும் ஒற்றை எழுத்தில் அடங்கியுள்ளன.

சிம்சன்: பெயர் பறிக்கப்பட்ட ஆலை

மூலநிலையைப் போற்றுவதன் உண்மையான தேவையை உணர்த்தவல்லது துரிங்கியாவின் ஸூல் நகரில் இயங்கிய சிம்சன் நிறுவனத்தின் வரலாறு. இரும்பும் காடும் நிறைந்த அம்மலைநாட்டில் நூற்றாண்டுகளாகப் படைக்கலத் தொழில் தழைத்திருந்தது. அங்கே 1856இல் லோப், மோசஸ் என்னும் யூத உடன்பிறந்தார் இருவர் தொடங்கிய தொழிலகம், பின்னர் துப்பாக்கி, மிதிவண்டி, மகிழுந்து ஆகியவற்றை ஆக்கும் பேராலையாக வளர்ந்தது. வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்குப்பின், வெற்றி பெற்ற நாடுகளின் இசைவோடு, சுருங்கிய ஜெர்மானியப் படைக்கு லூகர் வழங்கும் தனியுரிமையும் 1920-களின் நடுவில் அவ்வாலைக்குக் கிடைத்தது. சிம்சன் பெயர் தாங்கிய லூகர்கள் அவ்வாறு தோன்றியவை. எண்ணிக்கையில் குறைந்தமையால் இன்று அவற்றைச் சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர்.

1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், நாட்டின் படைக்குக் கருவி வழங்கும் ஆலை யூதர் கையில் இருப்பதை அவர்களால் பொறுக்க இயலவில்லை. துரிங்கியாவின் கட்சித் தலைவராகிய ஃபிரிட்ஸ் ஸௌக்கெல், மிகைவிலை பெற்றதாகப் பழி சுமத்தி 1935இல் உரிமையாளர் ஆர்தர் சிம்சனைச் சிறைப்படுத்தினார், ஆலை பறிக்கப்பட்டது. 1936இல் சிம்சன் குடும்பத்தார் நாட்டைவிட்டு வெளியேறினர். பறிக்கப்பட்ட ஆலை பெயர் மாறி, சுவிட்சர்லாந்தில் கொல்லப்பட்ட நாஜிக் கட்சித் தலைவர் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் பெயரால் அமைந்த நிறுவனத்தின் பகுதியாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. குஸ்ட்லோஃப் ஆலைகள் தம் கிளை ஒன்றை புக்கன்வால்ட் வதைமுகாமை ஒட்டி நிறுவின. முகாமின் கைதிகள் அங்கே படைக்கருவி உறுப்புகளை ஆக்குமாறு வருத்தப்பட்டனர். 1944 ஆகஸ்ட் 24ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் அவ்வாலையைத் தாக்கியபோது நூற்றுக்கணக்கான கைதிகளும் மாண்டனர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்களைக் கட்டாய உழைப்பிற்குக் கொணர்ந்த குற்றத்திற்காக ஸௌக்கெல் நியூரம்பர்க் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு 1946 அக்டோபர் 16ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். யூத உடன்பிறந்தார் இருவர் எழுப்பிய தொழில், பத்தாண்டுக்குள் அடிமை உழைப்பின் கொட்டடியாக மாறியது.

இப்பின்னணியில் சிம்சன் பெயர் பொறித்த ஒரு லூகரை நோக்கினால், அது வெறும் அரும்பொருளாகத் தோன்றாது. எவர் பெயரை அழிக்க ஓர் அரசு முயன்றதோ, அவர் பெயர் அவ்வரசின் படைவீரர் ஏந்திய எஃகிலேயே எஞ்சிநிற்கிறது. அதனைத் தேய்த்துப் புதுமெருகு ஏற்றுதல், அறியாமலே அவ்வழிப்பைத் தொடர்வதாகும்.

கழுகு முத்திரையின் சிக்கல்

ஆயின் பெயரைக் காப்பது எளிது. பழியைக் காப்பது அரிது. 1930-களின் நடுவிலிருந்து ஆக்கப்பட்ட கருவிகள் பலவற்றில் கழுகும் அதன் காலடியில் சுவஸ்திகமும் அமைந்த ஏற்பு முத்திரை உண்டு. போருக்குப்பின் சிலர் வெறுப்பினாலும் சிலர் அச்சத்தினாலும் அம்முத்திரையை அரத்தால் தேய்த்தழித்தனர். அவ்வெறுப்பு இயல்பானது. எனினும் முத்திரை அழிந்த துப்பாக்கி குற்றமற்றதாகிவிடுவதில்லை; குற்றத்தின் சான்று மட்டுமே குறைகிறது. ஜெர்மானியக் குற்றவியல் சட்டம் இத்தகைய சின்னங்களைப் பரப்புவதைத் தண்டிக்கிறது. ஆயின் கல்வி, ஆய்வு, கலை ஆகியவற்றிற்காகக் காட்டுவதற்கு விலக்களிக்கிறது. மறைத்தல் வேறு, கொண்டாடுதல் வேறு, சான்றாகக் காத்தல் வேறு என்ற தெளிவு அச்சட்டத்தில் புலப்படுகிறது.

அந்நாட்டின் படைக்கலச் சட்டமும் இதே நோக்குடையது. சேகரிப்பவர்க்கு உரிமம் வேண்டுமாயின், அவர்தம் தொகுப்பு பண்பாட்டு வரலாற்று முதன்மை உடையது என்று நிறுவுதல் வேண்டும். கண்டதை வாங்கிக் குவிப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. ஒரு காலத்தையோ ஒரு வகையையோ முறையாக ஆராய்பவர்க்கே உண்டு. சேகரிப்பாளன் தன்னை ஆய்வாளனாக மெய்ப்பிக்க வேண்டும் என்ற அக்கோட்பாடு போற்றத்தக்கது.

ஆனால் சந்தையின் போக்கு சட்டத்தின் போக்கன்று. கொடுமையின் சின்னத்திற்கே கூடுதல் விலை என்ற நிலை இத்துறையின் இருண்ட பக்கம். நாஜிகளின் கொலைப்படைக் குறிகளைப் புதிதாகப் பொறித்து விற்போர் தோன்றியது இதனாலேயே. பொருந்தாத உறுப்புகளில் பழைய எண்ணைத் தேய்த்துப் புதிய எண் அடித்தல், சாதாரணக் குழலை நீக்கி நெடுங்குழல் பொருத்துதல், கிடைத்தற்கரிய ஆலையின் பெயரைப் பொறித்தல் எனப் போலியின் வழிகள் பல. 1907இல் அமெரிக்கப் படையின் தேர்விற்காக லூகர் ஆக்கிய 45 காலிபர் துப்பாக்கிகளுள் எஞ்சிய ஒன்று 2010இல் ஏறத்தாழ 5 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று என்றால், போலிக்கு உள்ள தூண்டுதலைச் சொல்ல வேண்டியதில்லை. விற்பவர் கூறும் கதைக்கு விலை கொடாதே, கைப்பொருளுக்கே விலை கொடு என்பது சேகரிப்போரிடையே வழங்கும் அறிவுரை. தாத்தா ஒரு படைத்தலைவரிடமிருந்து கைப்பற்றினார் என்ற கதைகள் ஆயிரம் உண்டு. 1945இல் அமெரிக்க வீரர் நாடு திரும்பும்போது மேலதிகாரி கையொப்பமிட்டுத் தந்த கைப்பற்றுச் சான்றிதழ், எண்ணோடு பொருந்தி இருப்பது மிகச் சிலவற்றிற்கே.

பொருந்தா எண்களின் உண்மை

இந்நிலையில்தான் ஔவையாரின் ஒப்பீடு மீண்டும் நினைவிற்கு வருகிறது. எல்லா எண்களும் ஒத்து, எல்லாப் பூச்சும் நிறைந்து, சிறு கீறலும் இல்லாத லூகருக்கே சந்தையில் தலையாய இடம். ஆயின் அவ்வாறு எஞ்சியது எதனால்? அது கிடங்கிலோ, முன்னணியைக் காணாத அலுவலரின் மேசையிலோ கிடந்தது என்பதே பெரும்பாலும் விடையாக இருத்தல் கூடும். பீலி சூட்டிய வேலைப்போல் அதற்குப் பொலிவு உண்டு, போர் இல்லை.

பதுங்குகுழியின் சேற்றில் உழன்ற துப்பாக்கிக்கு உறுப்பு உடைந்தது, படையின் கம்மியர் மாற்று உறுப்பைப் பொருத்தினார், எண் மாறியது. 1920-களில் குழல் தேய்ந்து புதுக்குழல் ஏறியது. 1930-களில் காவல்துறைக்குச் சென்றபோது, மேற்பகுதியைக் கழற்றிய நிலையிலும் வெடித்துவிடக்கூடிய அதன் குறைபாட்டைத் தடுக்க ஒரு காப்புத் தகடு சேர்ந்தது. பிற்காலத்தில் சிலர் அத்தகட்டை அழகுக்கேடு என்று பிடுங்கியெறிந்தனர். அது இருந்த இடத்தின் துளை இன்றும் அச்செயலைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கிகள் கூட்டமாகப் பிரிக்கப்பட்டு, கலந்து, சாயம் தோய்ந்து, கிடங்குகளில் உறங்கி, பல பத்தாண்டுகளுக்குப்பின் மேலைச் சந்தைக்கு வந்தன. கிழக்கு ஜெர்மனியின் மக்கள் காவல்படையும் பழைய லூகர்களைப் புதுக்கிப் பயன்படுத்தியது.

இவற்றைச் சேகரிப்போர் பலர் தாழ்வாகக் கருதுகின்றனர். வரலாற்று மாணவர் அவ்வாறு கருதலாகாது. ஆலையின் மூலநிலை ஒன்று. வாழ்வின் மூலநிலை மற்றொன்று. விலையை உயர்த்த நேற்று அடித்த போலி எண்ணும், 1917இல் போர்முனைக் கம்மியர் மாற்றிய உறுப்பும் ஒன்றல்ல. முன்னது வரலாற்றைத் திருடுவது; பின்னது வரலாற்றின் கையொப்பம். மூலநிலை என்ற சொல்லுக்கு 'மாறாமை' என்று பொருள் கொள்வதினும், 'பொய்யாமை' என்று பொருள் கொள்வதே பொருத்தமுடையது. படியெடுத்தவரின் பிழையையும் குறிப்பையும் சுவடியின் வரலாறாகக் கொள்ளும் பதிப்பாசிரியர், தம் கருத்திற்கேற்பத் திருத்திய பாடத்தை மட்டும் விலக்குவார். அந்நெறியே இங்கும் வேண்டற்பாலது.

காக்கும் முறையும் இந்நெறியிலிருந்தே பிறக்கிறது. பழைய தோலுறைக்குள் துப்பாக்கியை வைத்தலாகாது. பதனிட்ட தோலின் அமிலமும் உப்பும் ஈரமும் எஃகை அரிக்கும். கைவியர்வையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, ஈரம் அண்டாது வைத்தல் போதும். மெருகேற்றாமை, சாயம் தோய்க்காமை, எழுத்தைத் தொடாமை ஆகிய மூன்றும் காப்பவரின் நோன்புகள். ஏதும் செய்யாதிருத்தலே இங்குச் செயல்களுள் அரியது.

ஸூல் நகரின் படைக்கல அருங்காட்சியகத்திலும், டிரெஸ்டன் நகரின் படை வரலாற்று அருங்காட்சியகத்திலும் இத்தகைய வரலாற்றின் சான்றுகள் கண்ணாடிப் பேழைகளுள் அடங்கியுள்ளன. ஆக்கியவரின் திறனும், ஏந்தியவரின் அச்சமும், எதிரே நின்றவரின் முடிவும் அந்த எஃகில் ஒருசேர உறைந்துள்ளன. ஔவையார் தொண்டைமானின் பொலிந்த வேல்களைக் கண்டு மயங்கவில்லை. கொல்லன் பட்டறையில் முறிந்து கிடந்தவற்றை நினைந்தார். கருவியைக் காண்போர் அதன் பொலிவைக் கண்டு அமைந்துவிடாமல், அதன் தழும்பையும் படிக்கக் கற்றால், படைக்கலம் சேர்த்துவைத்தலும் அமைதிக்குச் செய்யும் ஒரு தொண்டாக அமையும்.